சேலைப் பெட்டியும் தப்பு நோட்டும்: எங்க ஊரு மாடி இங்கிலீஷ் கிளாஸுக்கு ஒரு வருஷம் பிள்ளைய அனுப்பின அம்மாவோட ரிவ்யூ

5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டார ஏன் குறைச்சேன்னும் சொல்றேன், மீதி நாலு எதுக்குன்னும் சொல்றேன், கொஞ்சம் பெருசாத்தான் போகும், பிள்ளைங்கள சேர்க்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கவங்க பொறுமையா படிங்க.

எங்க ஊரு சின்னாளபட்டி. திண்டுக்கல்ல இருந்து மதுர ரோட்டுல வந்தா கொஞ்ச தூரந்தான், சேலைக்கு பேர் போன ஊரு. நானும் ஒரு சேலைக் கடையிலதான் பில் போடுறேன். என் பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், 2024 ஜூன்ல ஒம்பதாவது போறப்ப இந்த கிளாஸ்ல சேத்து விட்டேன், இப்ப பத்தாவது. ஒருத்தர் வீட்டு மொட்ட மாடியில தகர ஷீட் போட்டு நடக்குது, கவர்மெண்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆன ஒரு சார் நடத்துறாரு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு விடுவாங்க, சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம். மாசம் 500 ரூபா. ஏழாவதுல இருந்து பதினொண்ணாவது வரைக்கும் மொத்தம் 28 பிள்ளைங்க, எல்லாரும் ஒரே கூரைக்கு கீழ.

இதுக்கு முன்னாடி டவுன்ல ஒரு இடத்துல 30 நாள்ல இங்கிலீஷ் பேச வைக்கிறோம்னு சொன்னாங்க, 4500 ரூபா மொத்தமா கட்டினேன், என் ஒரு மாச சம்பளத்துல பாதிக்கு பக்கம். அங்க பெரிய ஸ்கிரீன் போட்டு ஒருத்தர் மைக்குல பேசுவாரு, பிள்ளைங்க நோட்டுல எழுதும், ஒரு மாசத்துல ரெண்டு நோட்டு முடிஞ்சுது, பிள்ள வாயத் தொறந்து ஒரு வரி பேசல. பேசு பாப்பான்னு சொன்னா தலைய குனிஞ்சுக்குவா. தப்பா பேசினா சிரிப்பாங்கம்மான்னு மட்டும் சொல்லுவா. அந்த ஒரு வார்த்தை எனக்கு மனசுல அப்படியே நின்னுடுச்சு, பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாதது பிரச்சினை இல்ல, சிரிப்பாங்கங்கிற பயந்தான் பிரச்சினைன்னு அப்பதான் புரிஞ்சுது.

அதனால இந்த மாடி கிளாஸுக்கு ரொம்ப ஆசையோட அனுப்பினேன். மொத வாரமே மனசு ஒடஞ்சு போச்சு. ஏன்னா ஒரு நாள் கூப்பிட வந்தப்ப படியில நின்னு பாத்தேன், சார் ஒரு ஓரமா நாற்காலியில உக்காந்து ஏதோ நோட்டு திருத்திட்டு இருக்காரு, பிள்ளைங்க ரெண்டு ரெண்டு பேரா தரையில உக்காந்து தங்களுக்குள்ள பேசிக்கிட்டு இருக்குதுங்க, சந்தக்கடை மாதிரி சத்தம். போர்டுல ஒரு வரி கூட இல்ல. காசு வாங்கிட்டு வாத்தியார் சும்மா உக்காந்திருக்காரே, இதுக்கு பிள்ளைங்க தெருவுலயே பேசிக்கலாமேன்னு கோவம் வந்து மறுநாளே போய் நேரா கேட்டுட்டேன். சார் கோவிச்சுக்கல. "ஒரு மாசம் பாருங்கம்மா, பிடிக்கலன்னா காசத் திருப்பித் தர்றேன், ஆனா அந்த ஒரு மாசமும் லீவு போடாம அனுப்பணும்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எதுக்கு இப்படி நடத்துறோம்னு விளக்கம் கூட அன்னிக்கு குடுக்கல.

அப்புறம் பொண்ணுகிட்ட கேட்டு கேட்டு, அப்பப்ப படியில நின்னு பாத்துப் பாத்து நானா தெரிஞ்சுக்கிட்டது இது. அங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. பெரிய வகுப்பு பிள்ளைக்கு சின்ன வகுப்பு பிள்ளை. பொண்ணுக்கு பொண்ணு, பையனுக்கு பையன்னு கணக்கு இல்ல, எந்த ஸ்கூல், எந்த தெருன்னும் பாக்குறது இல்ல. (எங்க பக்கத்துல இது சின்ன விஷயம் இல்லைங்க, ஊரத் தெரிஞ்சவங்களுக்கு நா சொல்றது புரியும்.) ஒரு சந்தேகம் வந்தா மொதல்ல ஜோடிகிட்ட கேக்கணும். ஜோடிக்கும் தெரியலன்னா பக்கத்து ஜோடிகிட்ட ரெண்டு பேரும் சேந்து போகணும். அங்கயும் தெரியலன்னா டிக்ஷனரி. அதுக்கும் மேல தெரியலன்னாதான் சார். சார்கிட்ட வர்ற பிள்ளைய அவர் கேக்குற மொத கேள்வி, "யார் யார்ட்ட கேட்ட, அவங்க என்ன சொன்னாங்க". அதுக்கு பதில் சொல்லணும்னாலே பிள்ளை மத்த மூணு பேர் சொன்னத கவனமா கேட்டிருக்கணும்ல.

இந்த முறையில ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு சொல்ற விளக்கம் இருக்கே, அத நா எந்த புத்தகத்துலயும் பாத்தது இல்ல. ஒரு உதாரணம் சொல்றேன். என் பொண்ணு எப்பவும் "ஷீ கோ டு ஸ்கூல்"னுதான் எழுதுவா, ஸ்கூல்ல எத்தன தடவ சிவப்பு பேனாவுல வட்டம் போட்டாலும் அடுத்த பக்கத்துல திரும்ப அதே தப்பு. இங்க அவளோட மொத ஜோடி பதினொண்ணாவது படிக்கிற ஒரு அக்கா. அந்த அக்கா சொல்லிச்சாம், தமிழ்ல பாரு, போறேன், போற, போறா, போறாங்க, ஆளுக்கு ஒரு வால் இருக்கு, இங்கிலீஷ்ல எல்லார் வாலும் அறுந்து போச்சு, அவன், அவ, அதுன்னு வர்ற இடத்துல மட்டும் ஒரு சின்ன வால் மிச்சம் இருக்கு, அதுதான் கோஸ்ல வர்ற ஸ். சரி, கேள்வி கேக்குறப்ப ஏன் "டஸ் ஷீ கோஸ்"னு வரமாட்டேங்குதுன்னு இவ கேட்டிருக்கா. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வால்தான்டி, டஸ் முன்னாடி வந்து அந்த வால எடுத்துக்கிச்சு, கோவுக்கு இனிமே கிடையாதுன்னு சொல்லியிருக்கு. அதே மாதிரிதான் "டிட் யூ வென்ட்" தப்பு, போன காலத்த டிட் எடுத்துக்கிட்டுது, அதனால கோ மட்டும் போதும். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு போடுறப்ப என் பொண்ணு இத எனக்கு சொல்லிக் குடுத்தா. நா எட்டாவதோட நின்னவ, எனக்கே புரிஞ்சுது.

இன்னொண்ணு, தமிழ்ல "அவர் டீச்சர்"னு சொன்னாலே வாக்கியம் முடிஞ்சுது, நடுவுல ஒண்ணும் வேணாம், அதனாலதான் நம்ம பிள்ளைங்க "ஹீ டீச்சர்"னு சொல்லி நிறுத்திடுதுங்க. "எனக்கு ரெண்டு தம்பி"ங்கிறதுக்கு நம்மகிட்ட ஹேவ்னு ஒரு தனி வார்த்தையே கிடையாது. இதெல்லாம் பிள்ளைங்க முட்டாளா இருக்கறதால வர்ற தப்பு இல்ல, தமிழ் அதுங்களுக்கு நல்லா தெரிஞ்சதால வர்ற தப்புன்னு சார் பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொன்னப்ப எனக்கு பெரிய ஆறுதல். இதுவரைக்கும் ஒருத்தரும் அப்படி சொன்னது இல்ல.

உச்சரிப்புக்கு ஒரு விளையாட்டு வச்சிருக்காங்க. காஃபி, காப்பி. ரெண்டையும் நாம ஒண்ணாத்தான் சொல்லுவோம், டீக்கடையிலயும் காப்பி, ஜெராக்ஸ் கடையிலயும் காப்பி. ஜோடியில ஒருத்தர் திரும்பி உக்காந்துக்கணும், இன்னொருத்தர் ரெண்டுல ஏதாவது ஒண்ண சொல்லணும், திரும்பி உக்காந்த பிள்ளை குடிக்கிறதா எழுதுறதான்னு கைய காட்டணும். தப்பா காட்டினா கேட்டவங்க மேலயும் தப்பு இருக்கலாம், சொன்னவங்க மேலயும் இருக்கலாம், அதனால யாரும் யாரையும் சிரிக்க முடியாது. கீழ் உதட்டுல மேல் பல்லு படுதான்னு கைக் கண்ணாடி வச்சுப் பாத்துப் பாத்து செய்யுதுங்க. இஸ்கூல்னு சொல்ற பிள்ளைகிட்ட, மொதல்ல பாம்பு மாதிரி ஸ்ஸ்ஸ்னு இழு, அப்புறம் கூல் சொல்லுன்னு ஒரு எட்டாவது பையன் கண்டுபிடிச்சு குடுத்தான், இப்ப மொத்த கிளாஸும் அப்படித்தான் பழகுது.

புதன்கிழமை பேப்பர் துண்டு. எனக்கு இருக்கறதுலயே ரொம்ப பிடிச்சது இதுதான். சார் ஒரு இங்கிலீஷ் கட்டுரைய நாலு துண்டா வெட்டி நாலு பேர் இருக்கற குழுவுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுப்பாரு. ஒரு தடவ கீழடி பத்தி. ஒரு துண்டுல அது சிவகங்கை மாவட்டத்துல வைகை பக்கத்துல எங்க இருக்குங்கிறது, இன்னொண்ணுல 2014-15ல மத்திய தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சு அப்புறம் நாலாவது கட்டத்துல இருந்து மாநில தொல்லியல் துறை எடுத்துக்கிட்டது, மூணாவதுல செங்கல் கட்டடம், தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்துல பேர் கீறின பானை ஓடு, நாலாவதுல 2019ல வந்த அறிக்கை அத கி.மு. 6ஆம் நூற்றாண்டுன்னு சொன்னது. ஒரே துண்டு கையில இருக்கற பிள்ளைங்க எல்லாம் மொதல்ல ஒரு மூலையில கூடி அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கணும். அப்புறம் அவங்கவங்க குழுவுக்கு திரும்பி வந்து பேப்பர மடிச்சு வச்சுட்டு இங்கிலீஷ்ல வாயால சொல்லணும். ஒருத்தர் சொல்லலன்னா மத்த மூணு பேருக்கும் கால் பங்கு கட்டுரை இருட்டுதான். அதனால அந்த பேசவே பேசாத பிள்ளைய மத்த மூணு பேரும் கெஞ்சுவாங்க பாருங்க, "சொல்லுடி, என்ன கண்டுபிடிச்சாங்க, பானையா, பானையில என்ன எழுதியிருக்கு", சிரிக்கிறதுக்கு அங்க யாருக்கும் நேரமே இல்ல. என் பொண்ணு மொத மொத இங்கிலீஷ்ல மூணு வரி சேந்தாப்புல பேசினது அந்த பானை ஓட்டப் பத்திதான்.

இந்த வெட்டுத் துண்டு முறை சாரோட சொந்த யோசனை இல்ல, அவரே சொன்னாரு. 1971ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் ஊர்ல எலியட் ஆரன்சன்னு ஒரு மனோதத்துவ பேராசிரியர் ஆரம்பிச்சதாம். அப்பதான் அங்க கறுப்பின பிள்ளைங்க, வெள்ளைக்கார பிள்ளைங்க, மெக்சிகோ வழி வந்த பிள்ளைங்க எல்லாரையும் ஒரே வகுப்புல உக்கார வச்சிருக்காங்க, ஒரே அடிதடி, ஒருத்தர ஒருத்தர் மட்டம் தட்டுறது. ஒருத்தர் கையில இருக்கறது இன்னொருத்தருக்கு வேணும்னு ஆக்கிட்டா சண்டை கொறையும்னு இத செஞ்சு பாத்திருக்காரு. நம்ம ஊருக்கும் ஏன் தேவைன்னு நா மேல பிராக்கெட்ல சொன்னதோட சேத்துப் படிச்சுக்கங்க.

அதே பேரண்ட்ஸ் மீட்டிங்ல ஒரு அப்பா எழுந்து நா மொத வாரம் கேட்ட அதே கேள்விய கேட்டாரு, பிள்ளைக்கு பிள்ளை சொல்லிக் குடுத்தா வாத்தியார் எதுக்குன்னு. அதுக்கு சார் சொன்ன கதை இன்னும் எனக்கு மறக்கல. 1789ல ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் மெட்ராஸ்ல எழும்பூர்ல இருந்த ஆண் பிள்ளைங்க அனாதை விடுதிக்கு பொறுப்பா இருந்தாரு, வாத்தியாருங்க பத்தாம பிள்ளைங்களுக்கு எழுத்தே ஏறல, ஒரு நாள் வழியில நம்ம பிள்ளைங்க மணல்ல விரலால எழுதி ஒண்ணுக்கொண்ணு சொல்லிக் குடுக்கறத பாத்திருக்காரு, அதையே தன் விடுதியில எட்டு வயசு பையன ஒருத்தன வச்சு சின்ன பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்க வச்சுப் பாத்தா வேகமா படிக்குதுங்க. ஊருக்கு திரும்பிப் போய் 1797ல அத எழுதி வெளியிட்டாரு, அங்க அதுக்கு மெட்ராஸ் முறைன்னே பேர் வந்துச்சு, அவரோட சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இன்னிக்கும் மெட்ராஸ் காலேஜ்னு ஒரு ஸ்கூல் இருக்கு. "நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து சட்டாம்பிள்ளைதாங்க அவங்க அங்க எடுத்துட்டுப் போனது, நா அத திரும்ப நம்ம மாடிக்கு கொண்டு வந்திருக்கேன்"னாரு சார். சட்டாம்பிள்ளைன்னா வாத்தியாருக்கு பதிலா மத்த பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கற பெரிய பிள்ளை, அந்த வார்த்தைய என் தாத்தா வாயில கேட்டதோட சரி, மணல்ல விரல் தேய எழுதின கதை எல்லாம் அவர் சொல்லுவாரு. கேள்வி கேட்ட அந்த அப்பா அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், மூணாவது மாசம். இங்க சேர்க்கப் போற எல்லா பேரண்ட்ஸும் இத மனசுல வச்சுக்கங்க. மொத ரெண்டு மாசம் பிள்ளை தினமும் ஒண்ணு புதுசா சொல்லும், நமக்கு சந்தோஷமா இருக்கும். மூணாவது மாசம் அப்படியே நின்னுடும். என் பொண்ணுக்கு செப்டம்பர்ல காலாண்டு பரீட்சை, இங்கிலீஷ்ல 43 மார்க். போன தடவையும் கிட்டத்தட்ட அதேதான். ராத்திரி அழுதா. இவ்வளவு நாள் போயும் ஒண்ணும் ஆகல, நா போகலம்மா, எனக்கு இங்கிலீஷ் வராதும்மான்னு. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, ஒரு வாரம் வீட்டுலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நா திட்டல, போன்னு வற்புறுத்தவும் இல்ல, ஆனா மனசுக்குள்ள சரி இதுவும் போச்சுன்னு நினைச்சேன்.

அந்த மாசம் அவளுக்கு ஜோடி மாறியிருந்துச்சு. இந்த தடவ இவ பெரியவ, ஜோடி ஒரு எட்டாவது பையன், அந்த ஸ்ஸ்ஸ்னு பாம்பு சத்தம் கண்டுபிடிச்சான்ல, அவனேதான். அவங்க அம்மா தறி வேலைக்கு போறவங்க. மூணாவது நாள் சாயங்காலம் நா கடையில பில் போட்டுட்டு இருக்கேன், இவன் ஸ்கூல் பையோட வந்து கவுண்டர்கிட்ட நிக்கிறான். என்னடா தம்பின்னு கேட்டேன். "அத்தை, அக்கா ஏன் வரல, எனக்கு காய்ச்சல் வந்தப்பயே நா வந்தேன், அக்கா வரலன்னா நா யார்ட்ட அட்டை கேக்குறது, மூணு நாளா பெட்டியில அட்டை அப்படியே இருக்கு"ன்னு கேக்குறான். கண்ணு கலங்கி இருந்துச்சு அவனுக்கு. நா ஒண்ணும் சொல்லல, வீட்டுக்கு போயி அவன் சொன்னத அப்படியே பொண்ணுகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. மறுநாள் ஆறு மணிக்கு நா கேக்காமயே கிளம்பிட்டா.

அட்டைன்னா என்னன்னு சொல்லணும். சின்ன சின்ன அட்டையில ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, பின்பக்கம் தமிழ்ல அர்த்தமும் ஒரு வாக்கியமும். மூணு பெட்டி. தெரியாத அட்டை மொத பெட்டியில, அத தினமும் கேக்கணும், சரியா சொன்னா ரெண்டாவது பெட்டிக்கு போகும், அது மூணு நாளைக்கு ஒரு தடவ, அங்கயும் சரியா சொன்னா மூணாவது பெட்டி, வாரத்துக்கு ஒரு தடவ. எங்க தப்பினாலும் திரும்ப மொத பெட்டிதான். 1885லயே ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகள மனப்பாடம் பண்ணி தன்மேலயே சோதிச்சுப் பாத்து, படிச்சதுல பெரும்பகுதி மொத நாளுக்குள்ளயே மறந்துடுது, இடைவெளி விட்டு திரும்பத் திரும்ப பாத்தாதான் தங்குதுன்னு எழுதி வச்சிருக்காராம். இங்க விசேஷம் என்னன்னா அட்டைய தானே எடுத்துப் பாக்கக் கூடாது, ஜோடிதான் கேக்கணும். பெட்டி எங்க கடையில காலியாகுற சேலைப் பெட்டி. முதலாளிகிட்ட கேட்டு நாந்தான் மொதல்ல பத்து பெட்டி குடுத்து விட்டேன், அப்புறம் 28 பிள்ளைக்கும் போயிடுச்சு.

திரும்ப போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் என் பொண்ணுகிட்ட ஒரு மாற்றம் பாத்தேன். முன்னாடி தனக்காக படிச்சா, மறந்தா மறந்துட்டுப் போவா. இப்ப நாளைக்கு அவன் கேப்பான்னு படிக்கிறா. ஒரு நாள் அவன் "அன் அவர்"னு ஏன் சொல்றோம், எச் உயிரெழுத்து இல்லையேக்கான்னு கேட்டிருக்கான், இவளுக்கு தெரியல. தெரியலன்னு அவன்கிட்டயே சொல்லியிருக்கா, அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் பக்கத்து ஜோடிகிட்ட போயி, டிக்ஷனரி பாத்து, கடைசியில எழுத்த பாக்கக் கூடாது, காதுல விழற சத்தத்த பாக்கணும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. எச் எழுத்துல இருக்கு, வாயில இல்ல, அதனால அன். யுனிவர்சிட்டிக்கு எழுத்து உயிரு, ஆனா வாயில யகரம் வருது, அதனால எ. வீட்டுக்கு வந்து இத சொல்றப்ப அவ முகத்த பாக்கணுமே. சார் போர்டுல எழுதிப் போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், அன்னிக்கே மறந்தும் போயிருக்கும்.

எனக்கு என்ன தோணுதுன்னா, பிள்ளைங்க விடாம படிக்கணும்னு நாம சொல்ற அறிவுரையெல்லாம் ஒரு பக்கம், நீ வரலன்னா எனக்கு நஷ்டம்னு இன்னொரு பிள்ளை வந்து நிக்கிறது இன்னொரு பக்கம். என் பிள்ளை தன்மேல நம்பிக்கை வந்து திரும்ப போகல, அவன் காத்துட்டு இருக்கான்னுதான் போனா. நம்பிக்கை அப்புறமாத்தான் வந்துச்சு, ஜனவரி பொங்கலுக்கு பக்கமா. அரையாண்டுல 58, முழுப் பரீட்சையில 67. இத மார்க்குக்காக சொல்லல, சேர்க்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க கேப்பீங்கன்னு சொல்றேன்.

வெள்ளிக்கிழமை பிபிசி லேர்னிங் இங்கிலீஷோட சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் நிகழ்ச்சிய ஸ்பீக்கர்ல போடுவாங்க. ஆறு நிமிஷம், ரெண்டு பேர் பேசிக்குவாங்க, ஆரம்பத்துல ஒரு கேள்வி கேட்டுட்டு பதில கடைசியிலதான் சொல்லுவாங்க, அந்த பதில ஜோடி ஜோடியா முன்கூட்டியே எழுதி வச்சுட்டு காத்திருப்பாங்க பிள்ளைங்க. அது இன்டர்நெட்ல இலவசமாவே கிடைக்குது, எழுத்து வடிவமும் இருக்கு, கிளாஸுக்கு அனுப்ப முடியாதவங்க வீட்டுலயே பிள்ளைய பக்கத்து வீட்டு பிள்ளையோட உக்கார வச்சு கேக்க வைக்கலாம், தனியா விட வேணாம்.

இப்ப கொறை. இத சொல்லாம விட்டா ரிவ்யூவுக்கு அர்த்தமே இல்ல.

மொதலாவது, பிள்ளைக்கு பிள்ளை சொல்லிக் குடுக்கறப்ப தப்பும் சேந்து பரவும். ஒரு தடவ "டிஸ்கஸ் அபௌட்"னு யாரோ ஒரு பெரிய பையன் சொல்லிக் குடுத்து ரெண்டு வாரத்துல பாதி கிளாஸ் அதையே எழுதிட்டு இருந்துச்சு, டிஸ்கஸுக்கு அப்புறம் அபௌட் வேண்டியதே இல்ல. இதுக்குத்தான் தப்பு நோட்டுன்னு ஒண்ணு இருக்கு, அன்னன்னிக்கு தான் பண்ண மூணு தப்பையும், அத யார் எப்படி திருத்தினாங்கன்னும் எழுதணும், சார் உக்காந்து திருத்திட்டு இருக்காருன்னு நா மொத வாரம் கோவப்பட்டேன்ல, அது இந்த நோட்டுதான். சனிக்கிழமை அதுல இருந்து எடுத்து போர்டுல போட்டு பேசுவாரு. ஆனா அவருக்கு வயசாயிடுச்சு, மழைக்காலத்துல ரெண்டு மூணு சனிக்கிழமை உடம்பு முடியாம விட்டுட்டாரு, அப்பதான் இந்த டிஸ்கஸ் அபௌட் எல்லாம் ஓடிச்சு. சனிக்கிழமைக்கு இன்னொரு டீச்சர கண்டிப்பா வைக்கணும். இது பிள்ளைங்களால தாங்களா சரி பண்ணிக்க முடியாத இடம், இந்த முறை மொத்தமும் அந்த ஒரு மணி நேரத்து மேலதான் நிக்குது.

ரெண்டாவது, நல்லா படிக்கிற பிள்ளையோட பேரண்ட்ஸுக்கு இது ஒத்து வருமான்னு யோசிக்கணும். என் பையன் மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கவா நா காசு கட்டுறேன்னு ஒருத்தங்க டிசம்பர்ல நிறுத்திட்டாங்க. அவங்க கேட்டது தப்புன்னு நா சொல்லமாட்டேன். என் பொண்ணு சொல்லிக் குடுத்துதான் தேறினா, ஆனா ஏற்கெனவே தேறின பிள்ளைக்கு மேல மேல குடுக்க அங்க ஆள் இல்ல, பதினொண்ணாவது பிள்ளைங்க யார்ட்ட கேக்கும்? அவங்களுக்கு வாரத்துல ஒரு நாளாவது சார் தனியா எடுக்கணும்னு நா கேட்டிருக்கேன், பாக்கலாம்னு சொல்லியிருக்காரு.

மூணாவது, பெண் பிள்ளைங்களுக்கு தனி டாய்லெட் இல்ல. கீழ வீட்டுலதான் கேட்டுப் போகணும், பிள்ளைங்க கூச்சப்பட்டுக்கிட்டு தண்ணி குடிக்காம வருதுங்க. ஒரு ஸ்டார் கொறைச்சதுக்கு பெரிய காரணமே இதுதான். வயசுக்கு வந்த பிள்ளைங்க இருக்கற இடத்துல இது அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுற விஷயம் இல்ல, நா மூணு தடவ சொல்லிட்டேன், இங்கயும் எழுதுறேன்.

மழை பேஞ்சா தகரத்துல சத்தம், ஒண்ணும் கேக்காது, நவம்பர்ல வெள்ளிக்கிழமை பாதி வீணாப் போச்சு. சர்டிஃபிகேட் கிடையாது. வாட்ஸப் குரூப் கிடையாது, அது எனக்கு நல்லதாத்தான் படுது.

பத்தாவது பப்ளிக் பரீட்சைய மட்டும் மனசுல வச்சு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 100 மார்க் இங்கிலீஷ் பேப்பர்ல வாயால பேசுறதுக்கு ஒரு மார்க்கும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். இங்க பாடம் நடத்தி கேள்வி பதில் எழுத வைக்கமாட்டாங்க. நானும் இந்த வருஷம் அதுக்காக ஸ்கூல்ல நடக்குற ஸ்பெஷல் கிளாஸுக்கு காலையில அனுப்புறேன், சாயங்காலம் இங்க. ரெண்டும் சேந்து பிள்ளைக்கு களைப்பாத்தான் இருக்கு, ஞாயித்துக்கிழமை முழுக்க தூங்க விட்டுடுறேன். இத நிறுத்திடவான்னு ஜூன்ல கேட்டேன், வேணாம்மான்னுட்டா.

யாருக்கு நல்லதுன்னு கேட்டா, வாயத் தொறக்கப் பயப்படுற பிள்ளைக்கு, தமிழ் மீடியத்துல படிச்சு எனக்கு வராதுன்னு தானா முடிவு பண்ணின பிள்ளைக்கு கண்ணை மூடிக்கிட்டு அனுப்பலாம். ஆறு மாசத்துக்கு கம்மியா அனுப்புறதா இருந்தா வேணாம், அந்த மூணாவது மாசத்துல நின்னா பிள்ளை மனசுல வராதுங்கிறதுதான் இன்னும் ஆழமா பதியும். ஜூன்லயும் ஜனவரியிலயும்தான் புதுசா சேக்குறாங்க, ஜோடி இல்லாம ஒரு பிள்ளை தனியா நின்னுடக் கூடாதுன்னு ரெண்டு ரெண்டு பேராத்தான் எடுக்குறாரு, அதனால பக்கத்து வீட்டு பிள்ளையையும் கேட்டு சேந்து கூட்டிட்டு போங்க, சீக்கிரம் இடம் கிடைக்கும்.

அந்த பையன் இப்ப ஒம்பதாவது. இந்த ஜூலையில அவனுக்கும் ஜோடி மாறிடுச்சு, ஏழாவதுல புதுசா சேந்த ஒரு பாப்பாவாம், இன்னும் வாயே தொறக்கலையாம். நேத்து சாயங்காலம் கடைக்கு வந்து, அத்தை, மூணு சேலைப் பெட்டி வேணும், மூடி கிழியாததா பாத்துக் குடுங்கன்னான். எடுத்துக் குடுத்தேன்.